எல்லாருக்கும் வேண்டிய ஊர்: ரோட்ஸ் துறைமுக அரசின் எழுச்சியும் செல்வமும்

பண்டைய கடல்வணிகம் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கிரேக்கம் என்றதும் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் வந்து வழியை மறித்துக்கொள்கின்றன. முன்னது தத்துவத்துக்கு, பின்னது சண்டைக்கு என்று நம் பாடநூல்கள் பிரித்துக் கொடுத்துவிட்டன. வணிகத்துக்கென்று ஓர் ஊரைச் சொல்லுங்கள் என்றால் கொரிந்து, ஈஜைனா, மிலேட்டஸ் என்று அறிந்தவர்கள் அடுக்குவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ரோட்ஸ்.

ரோட்ஸ் என்றால் பலருக்கும் நினைவில் எழுவது ஒரு சிலை. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று. கதிரவக் கடவுள் ஹீலியோஸின் வெண்கல உருவம். எழுபது முழ உயரம். துறைமுக வாயிலின் இரு கரையிலும் கால் பதித்து அது நிற்க, நடுவே கப்பல்கள் போய்வந்ததாகப் படம் போட்டிருப்பார்கள். அது பிற்கால ஓவியர்களின் கைவண்ணம். உண்மைச் சிலை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நின்றது. பிறகு நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. சிலையைக் கட்டிய ஊரோ, அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டரை நூற்றாண்டுக் காலம் கிழக்கு மத்தியதரைக் கடலுக்குக் கணக்குப்பிள்ளையாக இருந்தது. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், இன்றைய துருக்கிக் கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது இந்தத் தீவு. பரப்பு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். திராட்சை, ஒலிவம், அத்தி விளையும். தன் மக்களுக்குப் போதிய தானியம் விளையாது. ஏதென்ஸுக்கு லாரியனில் வெள்ளிச் சுரங்கம் வாய்த்ததுபோல் இங்கே எதுவும் வாய்க்கவில்லை. தொடக்கத்தில் ஓர் ஊராகக்கூட இல்லை. லிண்டோஸ், இயாலிசோஸ், காமெய்ரோஸ் என்று மூன்று தனித்தனி ஊர்கள். ஹோமரின் இலியட்டிலேயே மூன்றின் பெயரும் இருக்கிறது. ஏழு அறிஞர் வரிசையில் வைக்கப்பட்ட கிளியோபுலஸ் லிண்டோஸ்காரர். சிசிலித் தீவில் கேலா என்னும் குடியேற்றத்தைக் கிரீட்டர்களோடு சேர்ந்து நிறுவியவர்களும் லிண்டோஸ் மக்களே. ஆக, கடல் அவர்களுக்குப் புதிதன்று.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போரின் கடைசிக் கட்டத்தில், கி.மு. 411 வாக்கில், மூன்று ஊர்களும் ஏதென்ஸின் பிடியிலிருந்து விலகின. கி.மு. 408 வாக்கில் அவை ஒன்றுகூடித் தீவின் வடமுனையில் புதிதாக ஒரு நகரத்தைக் கட்டின. தெருக்கள் நேர்கோட்டில், சதுரம் சதுரமாக. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குத் திட்டம் போட்ட அதே கட்டடக் கலைஞர்தான் இதற்கும் போட்டார் என்று கேள்விப்பட்டதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அந்தக் கலைஞரான ஹிப்போடாமஸுக்குத் தள்ளாத வயதாகியிருக்கும், நான் நம்பவில்லை. துறைமுகங்கள், சாலைகள், மதில்கள் ஆகியவற்றில் இதற்கு ஈடான வேறொரு நகரத்தைத் தம்மால் சொல்ல முடியவில்லை என்றும் அவர் எழுதுகிறார். அதை நம்பலாம்.

பழைய ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாமே, ஏன் வடமுனைக்குப் போனார்கள்? கருங்கடலிலிருந்தும் ஏஜியன் தீவுகளிலிருந்தும் தெற்கே இறங்கும் கப்பல், சைப்ரஸ், சிரியா, எகிப்து எங்கே போவதானாலும் அந்த முனையைத் தொட்டுத்தான் திரும்பவேண்டும். மூன்று குடிகள் தங்கள் குலதெய்வங்களையும் பழம்பெருமையையும் பழைய ஊரிலேயே விட்டுவைத்துவிட்டு, கடல்வழி திரும்பும் இடத்தில் போய் உட்கார்ந்தன. இதைச் சாதாரண முடிவாக நான் எண்ணவில்லை.

அடுத்து காற்று. கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து இடைவிடாமல் ஒரு காற்று அடிக்கும். ரோட்ஸிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் பாய் விரித்தால் நான்காம் நாள் போய்ச் சேரலாம் என்று வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கணக்குச் சொல்கிறார். திரும்பி வரும்போது அதே காற்று எதிரி. எகிப்தியத் தானியம் ஏற்றிய கப்பல்கள் கிழக்கே சிரியக் கரையைப் பிடித்து, சைப்ரஸ் வழியாக, ஆசியா மைனரின் தென்கரையோரம் ஊர்ந்து மேற்கே வரும். அப்படி வந்தால் முதலில் கண்ணில் படும் பெரிய துறைமுகம் ரோட்ஸ். இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தில் மற்றக் கடல்வழிகளில் போக்குவரத்து நின்றுவிடும். ரோட்ஸுக்கும் எகிப்துக்கும் இடையே மட்டும் கப்பல் ஓடும். ஏதென்ஸுக்குப் போகவேண்டிய முதற்பணத்தை வைத்து இந்த வழியில் இரண்டு மூன்று நடை போய்வந்துவிடலாம் என்று ஏதென்ஸ் நீதிமன்றத்தில் ஒருவர் புலம்பியிருக்கிறார்.

அந்த வழக்கை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் பெயரில் நமக்குக் கிடைத்த உரைகளுள் ஒன்று, டியோனிசோடோரஸ் என்பவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கின் வாதம். காலம் கி.மு. 323 வாக்கு. டியோனிசோடோரஸும் அவருடைய கூட்டாளி பார்மெனிஸ்கஸும் ஏதென்ஸில் 3,000 திராக்மா கடன் வாங்குகிறார்கள். ஈடு கப்பல்தான். கப்பல் எகிப்துக்குப் போய்த் தானியம் ஏற்றி நேராக ஏதென்ஸுக்குத் திரும்பவேண்டும், வேறெங்கும் இறக்கக்கூடாது, தவறினால் இரட்டிப்பாகத் தரவேண்டும் என்று பத்திரம். இது கடல்கடன். கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கும். கரை சேர்ந்தால் நிலக்கடனைவிட மிகுந்த வட்டி. கப்பல் எகிப்துக்குப் போனது. அதற்குள் ஏதென்ஸில் தானிய விலை இறங்கிவிட்டது. எகிப்தில் அப்போது ஆட்சி செலுத்திய கிளியோமெனிஸ் ஊருக்கு ஊர் ஆள் வைத்திருந்தார். எங்கே என்ன விலை என்று கடிதம் பறக்கும். ஏதென்ஸில் விலை இல்லை என்று தெரிந்ததும் கப்பல் ரோட்ஸில் நின்றுவிட்டது. சரக்கை அங்கேயே இறக்கி விற்றார்கள். கேட்டால், கப்பலில் பழுது என்றார்கள். பழுதான கப்பல் மட்டும் ரோட்ஸுக்கும் எகிப்துக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது!

தீர்ப்பு என்ன ஆயிற்று என்பதைவிட, இந்த வழக்கில் ரோட்ஸ் எப்படித் தெரிகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். சரக்கு எங்கே போகவேண்டும் என்பது கப்பல் கிளம்பும் இடத்தில் முடிவாவதில்லை; ரோட்ஸில் முடிவாகிறது. விலைச்செய்தி அங்கே வந்து காத்திருக்கிறது. வாங்குபவன் இருக்கிறான், கிட்டங்கி இருக்கிறது, கடன் கொடுப்பவனும் இருக்கிறான். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு நடந்ததையும் பாருங்கள். கி.மு. 338இல் கெய்ரோனியாப் போரில் ஏதென்ஸ் தோற்றபோது, லியோக்ராட்டிஸ் என்ற குடிமகன் தப்பி ரோட்ஸுக்கு ஓடி, ஏதென்ஸ் வீழ்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். பொய்ச் செய்தி. ஆனால் அதை நம்பி ரோட்ஸ்காரர்கள் போர்க்கப்பல்களை இறக்கி வணிகக் கப்பல்களைப் பிடித்தார்கள். ஏதென்ஸுக்குப் போகவிருந்த தானியம் ரோட்ஸ் கரையில் இறங்கியது. செய்தியும் அந்த ஊரில் ஒரு சரக்கு.

இந்தப் புகழ் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், ஸ்டோயிக் தத்துவவாதிகள் அறநெறிக் கேள்வி ஒன்றை ரோட்ஸ் துறைமுகத்தில்தான் வைத்தார்கள். சிசெரோ அதை எடுத்துச் சொல்கிறார். ரோட்ஸில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்தவர் அவர். அதைச் சொன்னால் விலை விழும். சொல்லவேண்டுமா, வாய்மூடி விற்கலாமா? சரக்கில் குறையை மறைக்காதவரை மற்றதைச் சொல்லும் கடமை இல்லை என்பது பாபிலோன் டயோஜெனிஸின் கட்சி. மாணவர் ஆன்டிபாட்டர் ஒப்பவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்றார். சிசெரோ மாணவர் பக்கம். பங்குச்சந்தை விதிகளை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தக் கேள்வியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அலெக்சாந்தர் இறந்ததும் ரோட்ஸ் மக்கள் மாசிடோனியக் காவற்படையை வெளியேற்றிவிட்டார்கள். அவருடைய தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டு அடித்துக்கொண்டார்கள். எல்லாரோடும் ரோட்ஸ் நட்பாக இருந்தது. எவரோடும் சேர்ந்து இன்னொருவர்மீது போருக்குப் போகாமல் இருக்கவே முயன்றது. ஆனாலும் சாய்வு ஒன்று இருந்தது. எகிப்துக்குப் போகும் வணிகர்களிடமிருந்துதான் ஊரின் வருவாயில் பெரும்பகுதி வருகிறது, ஊரே அந்த நாட்டால்தான் பிழைக்கிறது என்று டியோடோரஸ் பட்டவர்த்தனமாக எழுதுகிறார். எகிப்தை ஆண்ட தாலமிக்கு எதிராகச் சேரும்படி மற்றொரு தளபதியான ஆன்டிகோனஸ் கேட்டபோது மறுத்தார்கள். அவர் எகிப்துக்குப் போகும் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க ஆளனுப்பினார்; ரோட்ஸ்காரர்கள் விரட்டியடித்தார்கள். அது போதுமானதாயிற்று.

கி.மு. 305இல் ஆன்டிகோனஸின் மகன் டெமெட்ரியஸ் வந்தார். 200 போர்க்கப்பல்கள், துணைக்கலங்கள் 170க்கு மேல், ஏறக்குறைய 40,000 வீரர்கள். இவர்களுக்குப் பின்னால், கொள்ளையில் பங்கு கிடைக்கும் என்று சுமார் ஆயிரம் தனியார் கலங்கள். கடற்கொள்ளையர்களும் படையில் இருந்தார்கள். உள்ளே ஆயுதம் ஏந்தத் தக்க குடிமக்கள் ஆறாயிரம் பேர், அங்கே தங்கியிருந்த வெளியூரார் ஆயிரம் பேர். ஒன்பது அடுக்குச் சக்கரக் கோபுரம் ஒன்றைச் செய்து மதிலை நோக்கி நகர்த்தினார் டெமெட்ரியஸ். தள்ளுவதற்கு மட்டும் 3,400 பேர். முற்றுகைக் கதைகளை விரும்புகிறவர்கள் டியோடோரஸில் படித்துக்கொள்ளலாம். நான் மூன்று செய்திகளோடு நிறுத்துகிறேன்.

முற்றுகை நடந்தபோது, பிடிபட்டவர்களை மீட்க இரு தரப்பும் விலை பேசி வைத்துக்கொண்டன. சுதந்திர மனிதனுக்கு 1,000 திராக்மா, அடிமைக்கு 500. ஊருக்குள் ஆன்டிகோனஸுக்கும் டெமெட்ரியஸுக்கும் முன்பு வைத்திருந்த சிலைகளை உடைக்கவேண்டும் என்று மக்களவையில் தீர்மானம் வந்தபோது, கூடாது என்று தள்ளிவிட்டார்கள். வெளியே மதிலை இடித்துக்கொண்டிருப்பவரின் சிலை உள்ளே பத்திரமாக நின்றது. நாளைக்கு அவரும் வாடிக்கையாளர்தானே! ஓராண்டு கழிந்து உடன்படிக்கை ஆனபோது, ஆன்டிகோனஸுக்குத் துணை நிற்போம், தாலமிக்கு எதிராக மட்டும் வரமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். காவற்படை கிடையாது, வருவாயில் கை வைக்கக்கூடாது. ஓராண்டு பட்டினியையும் கல்லெறியையும் தாங்கி அவர்கள் காப்பாற்றிக்கொண்டது எகிப்து வழியை. டெமெட்ரியஸ் விட்டுப்போன எந்திரங்களை 300 தாலந்துக்கு விற்றுத்தான் அந்தப் பெருஞ்சிலையை எழுப்பினார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. விவிலியத்தில் வரும் அதே தாலந்துதான். கிரேக்கக் கணக்கில் ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. செய்தவர் லிண்டோஸ் ஊர்க் காரெஸ். பன்னிரண்டு ஆண்டு வேலை.

இனி, கப்பலுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். 1960களில் சைப்ரஸ் தீவின் கைரீனியா அருகே கடலடியில் ஒரு சிறு வணிகக் கப்பல் கண்டெடுக்கப்பட்டது. நீளம் 14 மீட்டர். கி.மு. 300ஐ ஒட்டி மூழ்கியது. அதில் ஏறக்குறைய 400 ஆம்போரா சாடிகள், பெரும்பாலும் ரோட்ஸ் வகை, அரைகற்கள், பத்தாயிரத்துக்குச் சற்றே குறைய வாதுமைக் கொட்டைகள். கிண்ணம், கரண்டி, தட்டு நான்கு நான்காக இருந்ததால் நான்கு பேர் ஓட்டிய கப்பல் என்கிறார்கள். பலமுறை ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கப்பலோடு இரும்பு ஈட்டிமுனைகளும் கிடைத்தன. கடற்கொள்ளையரிடம் சிக்கியிருக்கலாம் என்பது அகழாய்வு செய்தவரின் கருத்து. ரோட்ஸின் செல்வம் என்று நாம் பேசுவதெல்லாம் இப்படிப்பட்ட நான்கு பேர் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் போய்வந்ததன் கூட்டுத்தொகை.

அந்தச் சாடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரோட்ஸ் மது உயர்தரம் என்று பெயர் வாங்கியதில்லை; கியோஸ் மதுவுக்குத்தான் அந்தப் பெயர். ரோட்ஸ் விற்றது எல்லாரும் குடிக்கக்கூடிய சரக்கு, மலிவாக, பெருமளவில். அதன் சாடியின் இரண்டு கைப்பிடிகளிலும் முத்திரை குத்தினார்கள்: ஒன்றில் செய்தவர் பெயர், மற்றொன்றில் அந்த ஆண்டின் ஹீலியோஸ் பூசாரி பெயரும் மாதமும். எந்த ஆண்டு, எந்த மாதம், யார் பட்டறை என்பதெல்லாம் கைப்பிடியிலேயே இருக்கும். அலெக்சாந்திரியாவில் மட்டும் இத்தகைய கைப்பிடிகள் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கருங்கடல் கரைகளிலும் சிரியாவிலும் கிடைக்கின்றன. பிற்காலத்தில், ரோம வணிகம் இந்தியப் பெருங்கடலுக்கு நீண்டபோது, ரோட்ஸ் வகைச் சாடிகளின் உடைசல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு மண்ணிலும் இறங்கியது. யவனர் மது என்று நாம் படிப்பதில் இந்தத் தீவின் சரக்கும் கொஞ்சம் கலந்திருந்தது என்று கொள்ளலாம். நாம் சற்றுமுன் பார்த்த கடல்கடனும் அப்படியே நம் கரை வரை வந்தது: வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கடன் தொடர்பான ஆவணந்தான்.

ரோட்ஸ் உலகத்துக்கு விட்டுச்சென்றதில் சிலையைவிட நெடுநாள் நின்றது ஒரு சட்டம். புயலில் கப்பல் தத்தளிக்கிறது. பாரத்தைக் குறைக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் பிழைக்கிறது, மற்றவர் சரக்கும் பிழைக்கிறது. எறியப்பட்டவரின் நட்டத்தை யார் ஏற்பது? எல்லாருக்காகவும் இழந்ததை எல்லாரும் பங்கிட்டு ஈடுசெய்யவேண்டும். கப்பல் உரிமையாளரும் சேர்ந்துதான். ரோமச் சட்டத் தொகுப்பு இதை ரோட்ஸ் சட்டம் என்றே பெயர் சொல்லிக் குறிக்கிறது. கரையில் உட்கார்ந்து பார்த்தால் எளிய நியாயம்போலத் தோன்றும். ஆனால் நடுக்கடலில், யார் மூட்டையை எறிவது என்று கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், பின்னால் பங்கு உண்டு என்ற உறுதி இருந்தால்தான் கை நீளும். அது இல்லையென்றால் ஒவ்வொருவரும் தம் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் மூழ்குவார்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ராட்சதக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். அதன் உரிமையாளர்கள் பின்னர் அறிவித்த ஜெனரல் ஆவரேஜ் என்பது இதே நெறி. மீட்புச் செலவில் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லாருக்கும் பங்கு விழுந்தது.

சட்டம் இருந்தால் போதுமா, அதைச் செலுத்தக் கை வேண்டாமா? ரோட்ஸ் தன் கடற்படையை வணிகத்துக்காகவே வைத்திருந்தது. கிரேக்கர்கள் அனைவர் சார்பிலும் தானே முன்னின்று கொள்ளையரை ஒடுக்கிய ஊர் என்று டியோடோரஸ் பாராட்டுகிறார். துரத்திப் பிடிக்கத் தோதான இலேசான, வேகமான கலங்களை அவர்கள் விரும்பினார்கள். கப்பல் கட்டும் துறைகள் சிலவற்றுள் அயலார் எட்டிப் பார்த்தாலே மரணதண்டனை என்கிறார் ஸ்ட்ராபோ. துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடிமக்கள். வசதி படைத்தவர்கள் அவர்களுக்குத் தானியம் வழங்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஸ்ட்ராபோ இதை ஊரின் பெருந்தன்மை என்று எழுதிவிட்டு, அதனால் கடற்படைக்கு ஆள் தட்டுப்பாடு இல்லை என்றும் கூடவே சொல்லிவிடுகிறார். அவருடைய இரண்டாவது காரணத்தை நான் முதலாவதாக வைப்பேன். ஊர் மக்களாட்சி என்று பெயர் கொண்டாலும் கடிவாளம் பழைய கப்பல்காரக் குடும்பங்களின் கையில்தான் இருந்தது. கொள்ளையரை ஒடுக்கிய அதே துறைமுகத்தில் அடிமைகளும் விலைபோனார்கள்; அதையும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது.

கி.மு. 220இல் பைசாந்தியம் நகரத்தார் கருங்கடலிலிருந்து வரும் கப்பல்களுக்குப் புதிதாகச் சுங்கம் போட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. சுற்றியிருந்த கலாத்தியர்களுக்கு ஆண்டுக்கு 80 தாலந்து கப்பம் கட்டவேண்டிய நெருக்கடி. உதவி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் வணிகர்கள் எல்லாரும் ரோட்ஸிடம் ஓடிவந்து முறையிட்டார்கள். கடல் விவகாரத்தில் முதலிடம் அவர்களுக்கே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்ததுதான் காரணம் என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். ரோட்ஸ் போர் அறிவித்தது, சுங்கம் நீங்கியது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கி.மு. 227ஐ ஒட்டி, நிலநடுக்கம் வந்தது. சிலை விழுந்தது, மதிலும் கப்பல்துறையும் பெரும்பாலும் இடிந்தன. அப்போது வந்த நன்கொடைகளைப் பொலிபியஸ் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். எகிப்தின் மூன்றாம் தாலமி 300 தாலந்து வெள்ளி, பத்து இலட்சம் அர்த்தாபா (எகிப்திய முகத்தல் அளவை) தானியம், போர்க்கப்பல்களுக்கு மரம், நூறு கட்டடக்காரர்கள், 350 கொத்தர்கள் அனுப்பினார். மாசிடோனியாவின் ஆன்டிகோனஸ் டோசன் மரமும் இரும்பும் கீலும் அனுப்பினார்; அவர் மனைவி கிரிசெயிஸ் தனியாகத் தானியமும் ஈயமும். சிரியாவின் செலூகஸ் தம் துறைமுகங்களில் ரோட்ஸ் கப்பல்களுக்குச் சுங்கமே வேண்டாம் என்றார். பத்துப் பெருங்கலங்களும் கொடுத்தார். சைரக்யூஸ் மன்னர்கள் பணமும் கவண்பொறிகளும் தந்ததோடு, சைரக்யூஸ் மக்கள் ரோட்ஸ் மக்களுக்கு முடிசூட்டுவதுபோல் சிலையும் வைத்தார்கள். ஏதோ தாங்கள் கடன்பட்டதுபோல!

இவர்களுள் பலர் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தவர்கள். தாலமிக்கும் செலூகஸுக்கும் ஆகாது. ஆன்டிகோனஸுக்கும் தாலமிக்கும் ஆகாது. அத்தனை பேரும் ஒரே ஊருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ரோட்ஸ் தூதர்கள் கெஞ்சாமல் கண்ணியமாகப் பேசிய விதத்தில், கொடுத்தவர்களே தாங்கள் பெற்றதாக உணர்ந்தார்கள் என்று பொலிபியஸ் வியக்கிறார். தூதர்களின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், கொடுத்தவர் ஒவ்வொருவருடைய தானியமும் மரமும் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் காசாகிக்கொண்டிருந்தது. ரோட்ஸ் ஒரு பகைவனின் கைக்குப் போவதைவிட, யார் கைக்கும் போகாமல் நிற்பதே எல்லாருக்கும் இலாபம். இந்த ஊரின் செல்வத்துக்கு வேர் எது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்: சுற்றிலும் சமமான பலம்கொண்ட பல அரசுகள், அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சந்தை.

வேர் அதுவென்றால் ஆபத்தும் அதிலேதான். கி.மு. 201இல் மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப் ஏஜியன் கடலில் கை நீட்டியபோது, ரோட்ஸும் பெர்கமமும் ரோமை உதவிக்கு அழைத்தன. ரோம் வந்தது, பிலிப்பை அடக்கியது, சிரிய மன்னர் மூன்றாம் ஆன்டியோகஸையும் அடக்கியது. கி.மு. 188இல் செய்த ஏற்பாட்டில், எதிர்க்கரையில் லிசியாவையும் கேரியாவின் தென்பகுதியையும் ரோட்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதுவரை எதிர்க்கரையில் சிறு துண்டு நிலம் மட்டும் வைத்திருந்த ஊருக்கு இது பெருநிலம். வரி வந்தது. கலகமும் வந்தது. லிசியர்கள் ரோமுக்குத் தூது போய் அழுதார்கள். உங்களை நாங்கள் ரோட்ஸுக்கு நண்பர்களாகத்தான் கொடுத்தோம், உடைமையாகக் கொடுக்கவில்லை என்று ரோம மன்றம் புது விளக்கம் சொன்னது. வணிக ஊர் வரி வாங்கும் நிலக்கிழார் ஆனதும் அதன் பழைய நடுநிலை கறைபட்டது என்பது என் கருத்து.

பழைய பழக்கம் ரோட்ஸை விடவில்லை. மாசிடோனிய அரசர் பெர்சியஸுக்கு மணப்பெண்ணாகச் சென்ற சிரிய இளவரசியை ரோட்ஸ் கடற்படை அழைத்துப்போய்ச் சேர்த்தது. பெர்சியஸ் கப்பல் மரம் கொடுத்து மகிழ்ந்தார். ரோம் அதைக் குறித்து வைத்துக்கொண்டது. பெர்சியஸுக்கும் ரோமுக்கும் போர் மூண்டபோது, நாங்கள் நடுவில் நின்று சமாதானம் பேசுகிறோம் என்று ரோட்ஸ் கிளம்பியது. முன்பு மன்னர்கள் கேட்டிருப்பார்கள். ரோட்ஸ் தூதர்கள் ரோம மன்றத்தில் பேசும் முறை வந்தபோது, கி.மு. 168இல் பித்னாவில் பெர்சியஸ் நொறுங்கிப்போன செய்தியும் வந்துவிட்டது. சமாதானம் பேச வந்தவர்கள் வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. ரோட்ஸ்மீதே போர் தொடுக்கவேண்டும் என்று ரோமில் பிரேட்டர் என்ற உயர் அதிகாரி ஒருவர் கிளம்பினார். அதைத் தடுத்துப் பேசியவர், எல்லாரையும் கடிந்துபேசும் மூத்த கேட்டோ என்பது வியப்பு.

போர் வரவில்லை, அதைவிட மலிவான வழி இருந்தது. லிசியாவும் கேரியாவும் பறிபோயின. கி.மு. 166 வாக்கில் டெலோஸ் தீவை ஏதென்ஸிடம் கொடுத்து, அங்கே சுங்கம் கிடையாது என்று ரோம் அறிவித்தது; கப்பல்கள் அங்கே திரும்பின. சில ஆண்டுகளில் ரோட்ஸ் தூதர் ஆஸ்டிமெடிஸ் ரோம மன்றத்தில் நின்று கணக்கை வாசித்தார்: முன்பு துறைமுக வருவாய் பத்து இலட்சம் திராக்மா, இப்போது ஒன்றரை இலட்சம். கிரேக்கத் துறைமுகங்களில் வழக்கமாக இருந்த நூற்றுக்கு இரண்டு விகிதத்தை இங்கும் வைத்துப் பார்த்தால், பழைய நாளில் ஆண்டுக்கு ஐந்து கோடி திராக்மா சரக்கு அந்தத் துறையைக் கடந்திருக்கவேண்டும். பெலொப்பொனேசியப் போருக்குப் பிறகு நலிந்திருந்த ஏதென்ஸில் அதே நூற்றுக்கு இரண்டு வரி 36 தாலந்துக்குக் குத்தகை போனது. அது இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம் திராக்மா.

வருவாய் போனதும் கடற்காவல் தளர்ந்தது. டெலோஸ் சந்தைக்கு அடிமைகள் தேவைப்பட்டார்கள். ஒரே நாளில் பல்லாயிரம் பேரை வாங்கி அனுப்பக்கூடிய ஊர் அது என்கிறார் ஸ்ட்ராபோ. பிடித்துக் கொடுக்கச் சிலிசியக் கொள்ளையர்கள் இருந்தார்கள், தடுக்க ஆளில்லை. கி.மு. 75 வாக்கில் இளைஞர் ஜூலியஸ் சீசர் அவர்களிடம் மாட்டிக்கொண்டார். அவர் அப்போது போய்க்கொண்டிருந்தது ரோட்ஸுக்கு. சிசெரோவுக்கும் பேச்சுக்கலை கற்பித்த அப்பொல்லோனியஸ் மோலோனிடம் பாடம் கேட்க. ரோம் கடலைத் துப்புரவாக்க கி.மு. 67இல் தளபதி பாம்பேயை அனுப்பும் வரை இந்த நிலை நீடித்தது. டெலோஸும் தப்பவில்லை, கி.மு. 88இல் பொந்துஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படையும், கி.மு. 69இல் கொள்ளையரும் அதைச் சூறையாடினார்கள். அதே மித்ரிடேட்டஸ் ரோட்ஸை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினார்.

ஆகவே, டெலோஸோடு ரோட்ஸின் கதை முடிந்தது என்று எழுதும் நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுங்கம் வீழ்ந்தது, ஊர் வீழ்ந்ததா? தத்துவவாதி பொசிடோனியஸ் அங்கே பாடம் நடத்தினார். ஹிப்பார்க்கஸ் அங்கிருந்து விண்மீன்களை அளந்தார். சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான காசியஸ், தாமே இளமையில் படித்த அந்த ஊரைக் கி.மு. 42இல் பிடித்தார். பழைய ஆசிரியர் வந்து மன்றாடியும் கேட்கவில்லை. வீடுவீடாகப் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்து வைக்கச் சொல்லி, தனியாரிடமிருந்து மட்டும் 8,000 தாலந்து கறந்தார் என்கிறார் புளூட்டார்க்; நகரத்துக்குத் தண்டம் 500 தாலந்து தனி. எட்டாயிரம் தாலந்து என்றால் நான்கு கோடியே எண்பது இலட்சம் திராக்மா. துறைமுகம் உச்சத்தில் இருந்தபோது கிடைத்த சுங்கத்தை வைத்துப் பார்த்தால், நாற்பத்தெட்டு ஆண்டு வருவாய். புளூட்டார்க் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும், சுங்கச்சாவடி வற்றிப்போய் நூற்றிருபது ஆண்டு கழித்தும் அந்த வீடுகளில் இவ்வளவு இருந்திருக்கிறது. அரசின் கணக்கேட்டில் வராத பணம். கடலுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்துச் சேர்த்தது. ரோட்ஸைப் பற்றி இனி ஆராய வருகிற மாணவர்கள் சிலையையும் சுங்கத்தையும் விட்டுவிட்டு, அந்த வீடுகளுக்குள் போகவேண்டும் என்பது என் வேண்டுகோள்.